வீல் நடுங்குகிறதா, நட் தளர்கிறதா: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

காரின் எடையை நான்கைந்து ஸ்டட்டுகள் (நட் ஏறும் மரையுள்ள கம்பிகள்), சுவரில் அடித்த ஆணி பையைத் தாங்குவதுபோலத் தாங்கி நிற்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்தப் படம் மனத்தில் இருக்கும்வரை கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் பிடிபடாது. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிய அளவு நீண்டு, ஒரு வலுவான ஸ்பிரிங்கைப் போல வீலை ஹப்பின் (அச்சின் முனையில் வீல் மாட்டப்படும் பகுதி) முகத்தோடு சேர்த்து இறுக்குகிறது. உலர்ந்த மரையில் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அலகு) முறுக்கினால், 12 மில்லிமீட்டர் ஸ்டட் ஒன்று ஏறத்தாழ நான்கு டன் எடைக்கு இணையான விசையோடு இறுக்கும். நான்கு ஸ்டட்டுகள் சேர்ந்தால் பதினாறு டன். அந்த அழுத்தத்தால் ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் பிறக்கும் உராய்வே வண்டியைத் தாங்குகிறது, பிரேக்கின் விசையைக் கடத்துகிறது. ஆகவே ஸ்டட்டின் தடிமனைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், ஒன்றோடொன்று தொடும் பரப்புகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதே முறையாகும்.

இறுக்குவது ஒரு வேலை, மையப்படுத்துவது வேறொரு வேலை. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஹப்பின் நடுவே எழும்பி நிற்கும் வட்ட விளிம்பு, வீலின் மையத் துளைக்குள் இடைவெளியின்றிப் பொருந்தி வீலை மையத்தில் நிறுத்துகிறது. வேறு சில அமைப்புகளில் நட்டின் கூம்பு முனையே வீலை இழுத்து மையத்துக்குக் கொண்டுவருகிறது. உங்கள் வண்டியில் எது நடக்கிறது என்பது தெரியாமல் நடுக்கத்தைத் தேடப் புறப்பட்டால், காசு செலவாகுமே தவிர நடுக்கம் போகாது.

80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நடுக்கம். பேலன்ஸ் செய்தும் போகவில்லை

நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்வீல்களையும், சீட்டில் தெரிந்தால் பின்வீல்களையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, நடுக்கம் எப்போது தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புதிய அலாய் வீல் போட்ட நாளிலிருந்தோ, டயர் மாற்றிய நாளிலிருந்தோ, பஞ்சர் ஒட்டி வீலைத் திரும்ப மாட்டிய நாளிலிருந்தோ தொடங்கியிருந்தால், டயரைவிட வீல் அமர்ந்திருக்கும் விதத்தின் மீதே சந்தேகம் வலுவாக விழும்.

என் வண்டிக்கு வெளிச்சந்தை அலாய் வாங்கிப் போட்டபோது இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். வீலை மாட்டிக் கொடுத்த கடையில் மூன்று முறை பேலன்ஸ் செய்தார்கள். மூன்று முறையும் மெஷின் பூச்சியம் காட்டியது. நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் பழையபடியே நடுங்கியது. நான்காவது முறை பணம் கொடுப்பதற்கு முன் வீலைக் கழற்றி வெர்னியரால் அளந்தேன். ஹப்பின் விளிம்பு 54.1 மில்லிமீட்டர், வீலின் மையத் துளை 67.1. ஒவ்வொரு பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தது. அதை நிரப்ப வேண்டிய வளையம் பெட்டியிலும் இல்லை, வண்டியிலும் இல்லை.

இதில் மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது. பேலன்ஸ் மெஷின் வீலை அதன் மையத் துளையில் கூம்பு நுழைத்துப் பிடிக்கிறது. அதாவது மையத் துளையை நடுவாகக் கொண்டு எடையைச் சமன்செய்கிறது. வண்டியிலோ அந்தத் துளை எதையும் தொடாமல் நிற்க, நட்டுகள் வீலை எந்தப் பக்கம் இழுத்தனவோ அங்கேயே அது அமர்கிறது. டயரோடு சேர்த்து 18 கிலோ எடையுள்ள வீல் அரை மில்லிமீட்டர் விலகி அமர்ந்தால், 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் 47 கிராம் ஈயத்தை ஒட்டிவிட்டு ஓட்டுவதற்கு அது சமம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வீல் நொடிக்குப் பன்னிரண்டு முறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விழுகிறது.

வெளிச்சந்தை அலாய்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே 67.1 அல்லது 73.1 போன்ற பெரிய துளையோடு வருகின்றன. மாருதி, ஹூண்டாய் சிறிய கார்கள் பலவற்றின் ஹப் 54.1, ஹோண்டா சிட்டியில் 56.1; ஃபோக்ஸ்வாகன் போலோவில் 57.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் எனப்படும் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையத்தை, உள்விட்டமும் வெளிவிட்டமும் இந்த இரு அளவுகளுக்குப் பொருந்துமாறு கேட்டு வாங்க வேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போய், கையால் ஆட்டினால் ஆடாமல் நிற்பதே சரியான வளையம். சுத்தியல் தேவைப்பட்டால் அளவு தவறு அல்லது துரு தடுக்கிறது. ஒரு வேளை நடுவழியில் ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால், வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். கம்பெனி ஸ்டெப்னியின் துளை ஹப்பின் அளவுக்கே செய்யப்பட்டது. நடுவில் வளையம் இருந்தால் வீல் ஹப்பின் முகத்தைத் தொடாது, ஆனால் நட்டுகள் மட்டும் இறுகியதுபோலத் தோன்றும்.

அளவுகள் சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்வீல்களுக்குக் கல் வைத்து, முன்வீலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். தரையில் ஒரு செங்கல்லை வைத்து அதில் ஒரு கம்பியைக் கட்டி, கம்பியின் முனை ரிம்மின் விளிம்பை ஏறத்தாழத் தொடும்படி நிறுத்திவிட்டு வீலைக் கையால் மெல்லச் சுற்றினால், இடைவெளி எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். இடைவெளி மிகக் குறையும் இடத்தில் ரிம்மிலும் அதற்கு நேரான ஸ்டட்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு வீலைக் கழற்றி, ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மீண்டும் சுற்றுங்கள். கோடு ரிம்மோடு நகர்ந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ஸ்டட்டோடு அதே இடத்தில் நின்றால் குறை ஹப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வேறு வேறு இடத்துக்குப் போனால் வீல் மையப்படவே இல்லை. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் வேறு மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குறை ஹப்பில் என்றால் முதலில் துருவைப் பாருங்கள். கடற்கரையோர ஊர்களிலும், மழைத் தண்ணீரில் நின்ற வண்டிகளிலும் ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு ஏறியிருக்கும். 140 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹப்பின் ஓரத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் துருச்செதில் சிக்கினால், டயரின் விளிம்பில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பக்கவாட்டு ஆட்டமாகப் பெருகிவிடும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, விளிம்பையும் முகத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாக்கிய பிறகு மறுபடியும் சுற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஆட்டம் இருந்தால், ஹப் வளைந்ததா என்பதை டயல் கேஜ் (மிகச் சிறிய ஆட்டத்தையும் காட்டும் அளவுகருவி) வைத்திருக்கும் பட்டறையில் அளக்கச் சொல்வதே நல்லது.

மெதுவாகப் போகும்போது 'டொக் டொக்' சத்தம், வளைவில் கூடுகிறது

இந்த அறிகுறிக்கு ஒரே பதில்: சாலையோரமாக நிறுத்துங்கள். அருகில் இருக்கும் பட்டறை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். தளர்ந்த வீல் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டுகளை இருபுறமும் வளைக்கிறது. வளைந்து வளைந்து உலோகம் களைத்துவிட்டால், கடைசி சில கிலோமீட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒடியும்.

நிறுத்தியதும் நட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். நட்டிலிருந்து வெளிப்புறமாகச் செல்லும் துருக்கோடுகள், நட்டின் அடியில் புதிதாகத் தேய்ந்து மின்னும் உலோகம், அலாய் வீலாக இருந்தால் சாம்பல் நிறத் தூள், வீலின் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டு போயிருத்தல் ஆகிய நான்கில் எது தெரிந்தாலும் அந்த வீல் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஓட்டை நீண்டுவிட்ட வீலை இறுக்கி ஓட்டக் கூடாது. அது கழிவுக்குத்தான் போக வேண்டும். ஸ்டட்டுகளும் அப்படியே.

நட்டுகள் இறுக்கமாக இருந்தும் சத்தம் வந்தால், தூக்கிய வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டும்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் போன்ற கீழ்ப்பாகங்கள். அவை வேறு கதை.

முறுக்கிய நட் சில நாளில் மீண்டும் தளர்கிறது

ஒரு முறை தளர்ந்தால் முறுக்கியவரின் கவனக்குறைவு என்று விடலாம். இரண்டாம் முறையும் தளர்ந்தால், இறுக்கத்தைத் தின்னும் ஏதோ ஒன்று அந்த இடத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் அது நட் அமரும் குழியின் வடிவம்தான். நட்டின் முனைகள் மூன்று வகைப்படும்: 60 பாகைக் கூம்பு, உருண்டையான கோள முனை, வாஷரோடு கூடிய தட்டையான முனை. ஹோண்டாவின் கம்பெனி வீல்களுக்குக் கோள முனை. வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு. டொயோட்டாவின் கம்பெனி அலாய்கள் பலவற்றுக்குத் தட்டை வாஷர். ஹோண்டாவுக்கு வெளிச்சந்தை அலாய் போட்டு, பழைய கோள நட்டையே மாட்டினால், கூம்புக் குழிக்குள் கோளம் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டுமே தொடும். நான்கு டன் அழுத்தம் அந்தக் கோட்டின் மீது விழ, அலுமினியம் நசுங்கி இடம் கொடுக்கிறது; ஸ்டட்டின் நீட்சியோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், அந்தச் சிறிய நசுங்கலே இறுக்கம் முழுவதையும் கரைக்கப் போதும்.

இதைக் கண்டுபிடிக்க நட்டின் முனையில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசி, கையால் நுழைத்து, ஸ்பேனரால் மிதமாக இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அகலமான பட்டையாக அழிந்திருந்தால் குழியும் முனையும் பொருந்துகின்றன. தலைமுடி அகலத்தில் ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் நட் தவறு. ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் கறுப்பாகவே இருந்தால் பி.சி.டி., அதாவது ஸ்டட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம், தவறு. பழைய ஃபியட் கார்களின் 98 மில்லிமீட்டர் ஹப்பில் 100 மில்லிமீட்டர் வீல் ஏறிவிடும்; ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மில்லிமீட்டர் வளைந்துதான் நிற்கும். ஏறிவிட்டது என்பதே பொருந்தியதற்குச் சாட்சி ஆகாது.

குழி சரியாக இருந்தால், அடுத்தது இரு முகங்களுக்கும் நடுவே இருக்கும் பெயின்ட். புதிதாக பெயின்ட் அடித்த இரும்பு ரிம்மின் ஹப்பைத் தொடும் முகத்திலும் நட்டுக் குழியிலும் தடித்த பெயின்ட் இருந்தால், வண்டி ஓட ஓட அது பொடிந்து வெளியேறி இறுக்கத்தைக் குறைக்கும். அந்த இரண்டு இடங்களை மட்டும் சுரண்டிவிட்டு மாட்டுவது அவசியம். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தட்டுகளைப் பற்றி என் கருத்து கடுமையானது: அழகுக்காகப் பயன்படுத்துவதாக இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். தொடும் பரப்புகள் இரண்டு மடங்காகின்றன, மரை பிடிக்கும் நீளம் குறைகிறது.

மூன்றாவது காரணம் முறுக்கும் முறை. ஹோண்டா சிட்டிக்கு 108, டொயோட்டாவின் பயணக் கார்கள் பலவற்றுக்கு 103, 14 மில்லிமீட்டர் போல்ட் கொண்ட போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர் என்று கையேடுகள் குறிப்பிடுகின்றன. உங்கள் வண்டியின் எண்ணை அதன் கையேட்டிலேயே பாருங்கள். வீல் காற்றில் தொங்கும்போதே எல்லா நட்டையும் கையால் நுழைத்து, எதிரெதிராகத் தாவித் தாவி, பாதி அளவு வரை இறுக்கி வீலை மையத்தில் உட்கார வைக்க வேண்டும். ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வீல் ஒரு பக்கம் சாய்ந்தே பூட்டிக்கொள்ளும், மற்ற நட்டுகள் அதை நிமிர்த்துவதற்குள் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுகியதும் ஒலியெழுப்பும் ஸ்பேனர்) 'டக்' என்று சொல்லிவிடும். பிறகு டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜாக்கியை இறக்கி, அதே வரிசையில் முழு அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் இல்லாத நடுவழியில் வண்டியோடு வரும் வீல் ஸ்பேனரே துணை. அதன் கை 25 சென்டிமீட்டர் என்றால், முனையில் 40 கிலோ அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டருக்கு நெருங்கும். 70 கிலோ மனிதர் அதன் மீது ஏறி நின்றாலோ 170-ஐத் தாண்டும். கைகளால் உடல் பாரத்தை ஓரளவு சாய்த்து அழுத்தி, முதல் வாய்ப்பில் ரெஞ்சால் சரிசெய்துகொள்வதே உத்தமம்.

மரையில் எண்ணெய் போட்டால் துரு பிடிக்காது என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. முறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வைக் கடப்பதற்கே போகிறது. மீதிதான் ஸ்டட்டை இழுக்கிறது. எண்ணெயிட்டு உராய்வைக் குறைத்துவிட்டு அதே எண்ணுக்கு முறுக்கினால், ஸ்டட் தாங்க வேண்டியதைவிட மிக அதிகமாக இழுபடும். கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை மரையையும் குழியையும் உலர்வாகவே விடுங்கள்.

இடப்பக்க வீல்கள்தான் தளரும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. முன்னே செல்லும்போது இடப்பக்க வீல் சுழலும் திசை, வழக்கமான மரை கழலும் திசையோடு ஒத்துப்போகிறது. 1960-களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்கள் இதற்காகவே இடப்பக்கத்தில் தலைகீழ் மரை வைத்திருந்தன. அது தெரியாமல் கழற்றப் போனவர்கள் ஸ்டட்டை ஒடித்த கதைகளும் உண்டு. இறுக்கம் போதுமானதாக இருந்தால் மரையின் திசை பொருட்டில்லை.

நட் பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது

மாருதி சுஸுகியின் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25, ஹூண்டாயில் அதே 12 மில்லிமீட்டர், இடைவெளி 1.5. வீல்கள் ஒன்றுக்கொன்று ஏறும் மாடல்கள் பல இருப்பதால், நட்டும் ஏறும் என்ற நினைப்பில் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவி) ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு சுற்று வரை கையால் போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை கன் உணர்வதில்லை, மரையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். முதல் ஐந்தாறு சுற்றை விரலால் ஏற்றும் பழக்கம் இருந்தால் இந்தக் கோளாறு வரவே வராது. முழுவதும் இறுகுவதற்குள் 1.5 மரையில் குறைந்தது எட்டு சுற்றும், 1.25 மரையில் பத்து சுற்றும் போக வேண்டும். அதற்குக் குறைவாகச் சென்று நின்றால் மரை பிடித்த நீளம் போதாது.

நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஹப்பின் பின்புறம் ஸ்டட்டைச் சுழலவிடாமல் பிடிக்கும் பல்வரிசை வழுக்கி ஸ்டட்டே சேர்ந்து சுழல்கிறது என்று பொருள். அந்த ஸ்டட்டை மாற்ற வேண்டும். புதியதும் அதே ஓட்டையில் பிடிக்காவிட்டால் ஹப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்டட் ஒடிந்துவிட்டது

ஒடிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்துப் பகுதி மெலிந்து இழுபட்டிருந்தால் அளவுக்கு மீறி முறுக்கியதில் ஒடிந்தது. முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, கடல் அலை மணலில் விட்டுச் செல்லும் வரிகளைப்போல வளைகோடுகளோடும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால், நட் தளர்ந்திருந்ததால் நாள்கணக்கில் வளைந்து களைத்து ஒடிந்தது. இரண்டாவது வகையில் பக்கத்து ஸ்டட்டுகளும் அதே பாட்டைப் பட்டிருக்கும் என்பதால், அந்த வீலின் எல்லா ஸ்டட்டுகளையும் மாற்றுவதே சரி. முதல் வகையில் மற்ற ஸ்டட்டுகளில் புதிய நட்டை விரலால் அடிவரை ஏற்றிப் பாருங்கள். எந்த ஸ்டட்டில் நடுவே இறுகுகிறதோ அது நீண்டுவிட்டது.

டயர் மாற்றிய பிறகு பிரேக் மிதித்தால் மட்டும் பெடல் துடிக்கிறது

ஏர் கன்னால் ஏற்றத்தாழ்வாக முறுக்கப்பட்ட நட்டுகள் டிஸ்க்கை நெளித்திருக்கலாம். எல்லா நட்டையும் தளர்த்தி, முறையான வரிசையில் மீண்டும் இறுக்கி ஓட்டிப் பாருங்கள். புதிதாக நெளிந்திருந்தால் இதிலேயே போய்விடும். பல ஆயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓடியிருந்தால் டிஸ்க் இடத்துக்கிடம் தேய்ந்திருக்கும். அதைக் கடையவோ மாற்றவோ வேண்டும், அப்போது டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவிலுள்ள துருவையும் சுரண்டச் சொல்லுங்கள்.

நட் எல்லாம் கழன்றும் வீல் வரவில்லை

அலுமினிய வீலும் இரும்பு ஹப்பும் ஈரத்தில் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியின் வீலை உதைப்பதோ அடியில் படுத்து அடிப்பதோ கூடாது. நட்டுகளை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே ஸ்டட்டில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஓரிரு அடி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால், பெரும்பாலும் ஒரு 'டப்' சத்தத்தோடு விட்டுவிடும். விட்டதும் அதற்கு மேல் ஓர் அடிகூட ஓட்டாமல் ஜாக்கியை வையுங்கள். வீல் கழன்ற பிறகு ஹப்பின் நடு விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, விரல் நுனியில் எடுத்த கிரீஸை அந்த விளிம்பில் மட்டும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். முகத்திலோ, ஸ்டட்டிலோ, நட்டுக் குழியிலோ அது படக் கூடாது. பட்டுவிட்டால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே வீலை ஏற்ற வேண்டும்.